சத்தமே இல்லாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தையல்காரியின் வீட்டுக்காரருக்குக் கை பரபரக்கும். மற்ற வீட்டு ஆண்கள் இன்னொரு தூக்கம் போடலாமா என்று புரண்டு படுக்கிற நேரத்தில், அவர் பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு கந்தல் துணியோடு, வாசலில் நிற்கிற டீசல் பிக்கப்பின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிடுவார். மழை வந்தால் குடை, காய்ச்சல் வந்தால் மாத்திரை. வாராந்தர சர்வீஸ் மட்டும் தள்ளிப்போகாது. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'சர்வீஸ்' என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார்.

அது கண்ணாடிக் கடைக்கு ஓடுகிற வண்டி. பின்பக்கம் சாய்வாக ஒரு மரச்சட்டம், அதன்மேல் கம்பளித் துணி. ஜன்னல் கண்ணாடி, கடை முகப்புக் கண்ணாடி, ஆளுயர நிலைக்கண்ணாடி, எதை ஏற்றினாலும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் இறக்குவார். கண்ணாடி ஏற்றுகிறவன் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. குழந்தையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்பது தையல்காரியின் கட்சி. மகள் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் திணறியவர், டயர் எப்போது மாற்றியது என்று கேட்டால் கிழமையோடு சொல்வார். அந்த மகளும் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இப்போது வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் வண்டியும்தான்.

முதலில் ஆயில். அளவுக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து மோந்து பார்ப்பார். அப்புறம் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசலைப் பிடிப்பார். புட்டியை அசையாமல் வைத்தால், கலந்திருக்கிற தண்ணீர் அடியில் தனியாக இறங்கி நிற்கும். தண்ணீர் துளி தெரிந்துவிட்டால் திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். "பாத்தியா, உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று தையல் அறையைப் பார்த்துக் கத்துவார். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுவரில் தட்டித் தட்டி ஊதுவார். பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலைன் தடவுவார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும்வரை அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் அடிப்பார். டயர் இடுக்கில் மாட்டிய கூழாங்கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். எல்லாம் முடிந்தபின் இன்ஜினை ஓடவிட்டு, இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"கேட்டியா? பூனை நடக்கற மாதிரி ஓடுது. சத்தமே இல்ல. எல்லாம் சர்வீஸு!"

தையல்காரி ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டுவாள். எதிர்வீட்டு டீச்சர் தன் ஜன்னலைச் சாத்துவாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூக்கம் கலைந்து வீறிடும். ஏனென்றால் அந்த வண்டி, உள்ளதைச் சொன்னால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரிதான் ஓடியது. மனுஷனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அது தெருவுக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஒரே நாளில் போயிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, வாரத்துக்கு வாரம் போயிற்று. வாராவாரம் அவர் சர்வீஸ் செய்தார், வாராவாரம் வண்டி சத்தம் குறைந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் தானாக வருகிற கணக்குத்தானே? தன் கைக்குத்தான் இந்த மகிமை என்று நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்கவில்லை. எண்ணெய்க் குப்பியோடு வீட்டுக்குள்ளும் நுழைந்தார். கதவுக் கீலுக்கு விட்டார், மின்விசிறிக்கு விட்டார், இரும்புக் கட்டிலின் மூட்டுக்கெல்லாம் விட்டார். "இப்ப பாரு, கிறீச்சுங்குதா?" என்று கதவை ஆட்டிக் காட்டுவார். அது கிறீச்சிட்டுக்கொண்டே போய்ப் போய் வரும். "எங்கங்க, சத்தமே இல்லையே!" என்பாள் அவள், தொண்டை கிழிய.

தொண்டை கிழியத்தான் பேச வேண்டியிருந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. இந்தத் தெருவில் எல்லாருக்கும் பேச்சுச் சத்தம் கூடிப்போய்விட்டது, நாகரிகம் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாலையில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய்ப் பக்கவாட்டில் வந்து முறைத்தால், "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் ஹாரனே சரியில்ல" என்று பரிதாபப்படுவார்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவளும் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அவர் வாயால் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். முன்பு தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி ஒருவருக்குக் காது போயிற்று. அந்த ஆள் விஷயத்தை மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, இவர்தான் நேரே போய் நின்று சொன்னார்: "காது மந்தமான அன்னைக்கே சாவியைக் கீழ வச்சுடணும். அதுதான் நம்ம தொழிலுக்கு மரியாதை." கூட்டாளி சாவியை வைத்துவிட்டார். வைத்தபின் ஒரு வருஷம் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரியை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். தையல்காரி அந்த வாசலைப் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்காரரை அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஊருக்குச் சொன்ன உபதேசத்தைத் தனக்கும் வைத்துக்கொள்கிற ஆள் அவர். அதுதான் அவளுக்குப் பயம்.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தையல் மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இரும்பின் பேச்சு புதிதல்ல. ஊசி முனை மழுங்கினால் ஒரு சத்தம், நூல் சிக்கப்போகிறது என்றால் ஒரு சத்தம், எண்ணெய் கேட்டால் ஒரு சத்தம். அதே காதைத் தெருமுனைக்குத் திருப்பினாள். காலையில் வண்டி கிளம்பும்போதும் சாயந்திரம் திரும்பும்போதும் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்பாள். பிறகு கைபேசியில் தம்பியைக் கூப்பிடுவாள். தம்பி பக்கத்துச் சாலையில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்.

"டேய், இன்னைக்குக் கிளம்பும்போது கீச்சுனு குருவி மாதிரி கத்திச்சு. கொஞ்ச தூரம் போனதும் நின்னுடுச்சு."

"பெல்ட்டு தளர்ந்திருக்கும்க்கா."

"நேத்து அடியில தகரம் அடிக்கிற மாதிரி."

"சைலன்சர் கிளாம்ப். நாளைக்கு வரேன்."

மறுநாள் தம்பி டீ குடிக்க வருவான். "மாமா, ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்பான். மாமா ஸ்பேனர் தேட உள்ளே போகிற நேரத்தில் வண்டிக்கடியில் புகுந்து இரண்டு திருகு திருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி எழுந்து நிற்பான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அக்காவும் தம்பியும் மறைத்தார்கள். அவரோ, தன் வண்டிக்கு ஒரு கோளாறும் வருவதில்லை என்று மெக்கானிக் மச்சானிடமே பெருமை அடித்துக்கொண்டிருந்தார். "என்னை மாதிரி நாலு பேர் இருந்தா நீ பட்டறையை மூடிட்டுப் போக வேண்டியதுதான் மாப்ள!" தம்பி டீயை ஊதிக்கொண்டே, "ஆமா மாமா" என்பான். சிரிப்பை அடக்கி அடக்கியே அவனுக்கு வயிறு வலிக்கும்.

சிரிப்பாகவே போயிருக்கும். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு நாள் நல்ல செய்தி சொல்லாமல் இருந்திருந்தால்.

மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஒரு நூலகத்துக்குப் பெரிய பெரிய கண்ணாடிகள் போக வேண்டும். சனிக்கிழமை முதல் லோடு. சரியாகப் போய்ச் சேர்ந்தால் கட்டடம் முடிகிறவரை அவர் வண்டிதான். அன்று அவர் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்தார். "மலை ரோடு! எத்தனை வருஷமாச்சு!" என்று புதுமாப்பிள்ளை மாதிரி குதித்தார்.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். தெருமுனைவரை அவள் காது போகும். மலைக்கு எப்படிப் போகும்? போதாததற்கு, மூன்று வாரமாக ஒரு புதுச் சத்தம் வேறு. பின்பக்கம், வலது சக்கரத்திலிருந்து, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி ஓர் 'ம்ம்ம்'. வேகம் கூடினால் முனகலும் கூடியது. தம்பியிடம் சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது.

"பேரிங் போகுதுக்கா. அதோட மலை ஏறி இறங்கக் கூடாது. சக்கரமே சிக்கிக்கும்."

"மாத்திடேன்."

"டீ குடிக்கிற சாக்குல பேரிங் மாத்த முடியாதுக்கா! வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி, அச்சை உருவணும். அரை நாள் வேலை. மாமாகிட்ட நேராவே சொல்லிப் பாத்துட்டேன், பேரிங் சத்தம் வருதுன்னு. என்ன சொன்னார் தெரியுமா? 'உன் காதுலதான் ஏதோ கோளாறு, போய் டாக்டரைப் பாரு'ன்னார்."

இதைக் கேட்டு அக்கா சிரிக்கவில்லை. அன்றுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவள், உண்மையில் அவரைக் கண்ணைக் கட்டி ஓட்ட விட்டிருக்கிறாள். இனிமேல் மறைத்தால் அது பாசம் இல்லை, பாவம்.

சரி, சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது? சாதாரணக் குரலில் சொன்னால் அவருக்குக் கேட்காது. கேட்கிற மாதிரி சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும். ஒரு மனுஷனுக்குக் காது கேட்கவில்லை என்பதை அவர் மானம் போகாமல் சொல்ல வேண்டுமென்றால் ரகசியமாகச் சொல்ல வேண்டும். ரகசியமாகச் சொன்னால்தான் அவருக்குக் கேட்காதே! எழுதிக் கொடுக்கலாமென்றால், மளிகைச் சாமான் சீட்டு என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். இரண்டு நாள் இதே யோசனையில், ஒரு சட்டைக்கு இரண்டு இடக் கையைத் தைத்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலைப் பயணத்துக்காக அன்று விசேஷ சர்வீஸ். புது ஃபேன் பெல்ட் வாங்கி வந்து அவரே மாட்டினார். ஆயில், தண்ணீர், கிரீஸ் எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் போய் வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவரையும் கை காட்டி ஏறச் சொன்னாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் கடைசிவரை ஏற்றினாள். உள்ளே டீசலும் வியர்வையும் சேர்ந்து புழுங்கியது.

"என்ன? எங்கயாவது போகணுமா?"

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உங்களுக்குக் காது சரியா கேக்கலைங்க!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். "யாருக்கு? எனக்கா? இன்ஜின்ல ஒரு ஊசி விழுந்தா சொல்லுவேன்! இப்ப பாரு."

சாவியைத் திருப்பினார். அந்தப் புதுப் பெல்ட்டை அவர் இழுத்துக் கட்டியது போதவில்லை போலிருக்கிறது. வண்டி கிளம்பியதும் அது வீறிட்ட வேகத்தில் தையல்காரியின் பல்லெல்லாம் கூசியது. பன்றியைப் பிடித்தால்கூட அப்படிக் கத்தாது. அவர் இடுப்பில் வைக்க இடமில்லாத கையை ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, நிதானமாகக் கேட்டார்.

"பூனை நடக்கற மாதிரி இருக்கு. எங்கயோ ஒரு குருவி கத்துது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, ஒத்துக்கொள் என்கிற மாதிரி அவள் பக்கம் திரும்பினார். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் சிரிப்பு நின்றது. முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். எதிர்வீட்டு டீச்சர் கையில் காய்கறிப் பையோடு, இரண்டு தோளாலும் காதை அடைக்கப் பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சைக்கிளில் வந்த தபால்காரர் ஒரு கையை விட்டுவிட்டு ஒரு காதையாவது காப்பாற்றிக்கொண்டு போனார். தெருநாய் வாலைக் கவட்டைக்குள் சொருகிக்கொண்டு சந்துக்குள் மறைந்தது.

அவர் மெல்ல சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். எல்லாருடைய கையும் இறங்கியதைப் பார்த்தார். பிறகு சாவியை உருவி, அவள் மடியில் வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

அதைக் கத்திச் சொல்ல அவளால் முடியவில்லை. அழுகை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள் காது டாக்டரிடம் போனார்கள். வண்டியில் இல்லை, பஸ்ஸில். ஜன்னலோர இடத்தில் அவர் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தார். டாக்டர் நடுத்தர வயதுப் பெண். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு காதைப் பார்த்தாள், சுற்றி வந்து மறு காதைப் பார்த்தாள், மறுபடி முதல் காதுக்கே வந்தாள்.

"காதை எதால குடைவீங்க?" என்று கேட்டாள். டாக்டர் கேட்டதை எல்லாம் தையல்காரி பெரிதாக்கி அவருக்குச் சொன்னாள்.

"கைக்கு எது கிடைக்குதோ அது. தீக்குச்சி... வண்டிச் சாவி..."

"வண்டியில ஒரு குழாய் அடைச்சுக்கிட்டா இப்படித்தான் கம்பியை விட்டுக் குத்துவீங்களா?"

"சேச்சே! அப்படிச் செய்யக் கூடாது டாக்டர். அழுக்கு இன்னும் உள்ள போய் இறுகிடும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

விஷயம் அவ்வளவுதான். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் என்று வாரம் தவறாமல் திறந்து பார்த்த மனுஷன், தன் தலைக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு ஓட்டையில் வருஷக்கணக்காகத் தூசியையும் காதுக் குறும்பியையும் சேர்த்து, சாவியால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார். இரண்டும் தக்கை வைத்த மாதிரி அடைத்துக் கிடந்தன. ஆனால் டாக்டர் முழு நிம்மதி கொடுத்து அனுப்பவில்லை. "இத்தனை வருஷம் டீசல் வண்டிச் சத்தம் கேட்ட காது. உள்ள நரம்பு எப்படி இருக்குன்னு அழுக்கை எடுத்தாத்தான் சொல்ல முடியும். சொட்டு மருந்து விடுங்க, ஊறட்டும். வியாழக்கிழமை வாங்க."

அந்த வியாழக்கிழமை வருவதற்குள் தையல்காரி படாத பாடு பட்டாள். சொட்டு மருந்து விட்ட காதோடு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் திறப்பார், உள்ளே பார்ப்பார், ஒன்றையும் தொடாமல் மூடிவிடுவார். இன்ஜினை ஓடவிடாமலே ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

"கடைக்காரர்கிட்ட வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன். அந்தத் தண்ணி லாரிக்காரன்கிட்ட நான் சொன்னது எனக்கும் சேத்துத்தானே?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க!" என்று கத்தினாள்.

"நரம்பு போயிருந்தா?"

கத்திச் சொல்ல முடியாத விஷயங்கள் எத்தனை இருக்கின்றன என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாப்பாடு ஆச்சு, தண்ணி வரலை, கடைக்காரர் கூப்பிட்டார் என்றெல்லாம் கத்தலாம். மனசு சரியில்லை என்று யாராவது கத்துவார்களா? மகள் கோபித்துக்கொண்டு போனைப் பட்டென்று வைத்ததை, முட்டி வலியில் ராத்திரி தூக்கம் கெட்டதை, எதிர்வீட்டு டீச்சரின் சம்பந்தியைப் பற்றிக் காதில் விழுந்த சுவாரசியமான செய்தியை? இரண்டு வருஷமாக அவள் புருஷனிடம் கத்தக்கூடியதை மட்டும்தான் பேசியிருக்கிறாள். மீதியை எல்லாம் மெஷினோடு சேர்த்து ஓட்டிவிட்டாள். அதை நினைத்தபோது அவள்மேலேயே அவளுக்கு இரக்கம் வந்தது.

வியாழக்கிழமை டாக்டர் ஒரு பெரிய ஊசிக்குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் காதுக்குள் பீய்ச்சினாள். ஒரு தரம், இன்னொரு தரம். பிறகு கிண்ணத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. அடுத்த காதிலும் அதே கதை. அவர் முதலில் செய்த காரியம், கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஆட்டி, அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்ததுதான். "அப்பா! ஆயில் மாத்தாத வண்டி மாதிரி இருக்கே!" என்றார். சொன்னவர் துள்ளி விழுந்தார். தன் குரலே அவருக்குப் பக்கத்தில் யாரோ அதட்டிய மாதிரி கேட்டுவிட்டது.

"என்னங்க, கேக்குதா!" என்று பழக்க தோஷத்தில் தையல்காரி கத்தினாள்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏம்மா இப்படிக் கத்தறே? பக்கத்துலதானே இருக்கேன்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டிச் சோதனை செய்தார்கள். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். அவர் தேர்வில் முதலாவது வர நினைக்கிற பையன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் தேய்மானம் இருக்கு, வயசுக்கு ஏத்தது. தாராளமா ஓட்டலாம்" என்றாள் டாக்டர். "ஆனா இனிமே இதுக்கும் சர்வீஸுக்கு வரணும். சாவியைப் போடக் கூடாது." தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி வண்டியோடு காத்திருந்தான். அவர் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறி, ஆசையாகச் சாவியைத் திருப்பினார்.

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஒன்று, டகடகவென்று ஒன்று, எங்கேயோ தகரம், எங்கேயோ சங்கிலி. அவர் இறங்கி நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

"இது நம்ம வண்டியா?"

தம்பி வானத்தில் மேகம் பார்த்தான். தையல்காரிதான் சொன்னாள். சாதாரணக் குரலில், ஒன்றும் விடாமல் சொன்னாள். தெருமுனைச் சத்தம், கைபேசி, டீ, பதிமூணாம் நம்பர் ஸ்பேனர், மூன்று வாரமாக முனகுகிற வலது பின்சக்கரம், எல்லாவற்றையும். அவர் கேட்கக் கேட்கச் சிவந்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா அக்காளும் தம்பியும் சேந்து என்னைப் பைத்தியக்காரனாக்கி இருக்கீங்க! நான் என்னமோ சர்வீஸு சர்வீஸுன்னு கழுதைக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!"

கோபம் நிஜமான கோபம். நேரே பட்டறைக்கு ஓட்டினார். வழியெல்லாம் அந்தச் சக்கரம் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு வந்தது. அவர் காது அதன்மேலேயே இருந்தது. பட்டறையில் அவரே ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பக்கத்தில் காதை வைத்தார். மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. இன்னொரு முறை சுற்றினார். எழுந்திருக்காமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மலையில இறங்கும்போது சிக்கியிருந்தா..." என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ரெண்டு வருஷமா இந்த வண்டியை நான் ஓட்டலை. நீதான் ஓட்டியிருக்கே."

"நானா? எனக்கு கியர் எது பிரேக் எதுன்னே தெரியாது."

"அது கத்துக்கலாம். இப்படிக் கேக்கறதைக் கத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, "மாப்ள, அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை இப்ப நான் கேக்கறேன், எடு" என்றார். தம்பிக்கு இரண்டு வருஷச் சிரிப்பும் அப்போதுதான் வெளியே வந்தது.

பேரிங் மாற்றினார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள். தளர்ந்ததை எல்லாம் முடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் ஒரு சத்தத்தைப் பிடிப்பார், கை வைப்பார், அடுத்ததைப் பிடிப்பார். நடுநடுவே வீட்டுக்குள் வந்து கதவை ஆட்டிக் கேட்டுவிட்டு வெட்கத்தோடு எண்ணெய் விட்டார்.

சனிக்கிழமை காலை, கண்ணாடிக் கடை வாசலில் லோடு ஏறியது. ஆளைவிட உயரமான கண்ணாடிகள், நடுவில் அட்டை வைத்து, பட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. வழியனுப்ப வந்த தையல்காரிக்கு அவர் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"நான் எதுக்கு? பள்ளிக்கூடச் சீருடை அவ்வளவும் தைக்காம கிடக்கு."

"பள்ளிக்கூடம் திறக்க நாளிருக்கு. ஏறு."

ஏறினாள். அவர் இன்ஜினைக் கிளப்பினார். டீசல் வண்டிக்கு உரிய சத்தம், டகடகவென்று வந்தது. எப்போதும் இந்த இடத்தில்தான் அவர் தீர்ப்புச் சொல்வார். தலையைச் சாய்த்துக் கேட்கத்தான் கேட்டார். ஆனால் கியரின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன என்னைப் பாக்கறீங்க? உங்களுக்குத்தான் நல்லா கேக்குதே."

"எனக்குக் கேக்குது. உனக்கு எப்படி இருக்கு, சொல்லு. நீ சரின்னாத்தான் வண்டி நகரும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பின்னால் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவசரப்படவில்லை. கண்ணை மூடினாள். பெல்ட்டைக் கேட்டாள், அடித்தகரத்தைக் கேட்டாள், பின்னால் கண்ணாடி ஏதாவது ஒன்றோடொன்று உரசுகிறதா என்று கேட்டாள். கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொல்லி வலது பின்சக்கரத்தைக் கேட்டாள். கடைசியில், இத்தனை சத்தத்துக்கும் நடுவே, தனக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் சொன்னாள்.

"போலாங்க."

அவர் கியரைப் போட்டார்.